ரயில் போகும் வரை

அந்தப் பாட்டின் நடுவே ஓர் இடம் வரும். மேளம் ஓடிக்கொண்டே இருக்கும், பேச்சு நின்றுவிடும். பின்னால் எங்கோ ஏதோ உறுமுவது கேட்கும். உறுமல் தேய்ந்ததும், விட்ட சொல்லுக்கு அடுத்த சொல்லிலிருந்து அந்தக் குரல் மறுபடி தொடங்கும். பிராங்ஸில் பூங்காவிலோ கல்யாணத்திலோ அந்த இசைத்தட்டைப் போட்டால், அந்த இடம் வந்ததும் கூட்டம் வாயை மூடிக்கொள்ளும். கால்கள் மட்டும் ஆடும். ஏன் என்று கேட்டால், அது அப்படித்தான் என்பார்கள். ஒலிப்பதிவு நாடா அறுந்ததை ஒட்டினார்கள் என்று ஒரு கட்சி. பாடியவளுக்கு வரி மறந்துபோயிற்று என்று ஒரு கட்சி. அங்கே ஒரு கெட்ட வார்த்தை இருந்தது, வானொலிக்காக அழித்தார்கள் என்பார்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

எர்னஸ்டீன் காட்ஸ்டனுக்கு எதுவும் மறந்துபோவதில்லை. கெட்ட வார்த்தை அவளுக்குத் தேவைப்பட்டதும் இல்லை.

அவள் ஃப்ரீமன் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் டோக்கன் கொடுத்தாள்; அதைப் போட்டால்தான் வாசலில் சுழல்கம்பி வழி விடும். தண்டவாளம் தலைக்கு மேலே. படிக்கட்டு ஏறி வந்தால் பாதி உயரத்தில் கண்ணாடிக் கூண்டு, அதற்குள் எர்னஸ்டீன், அவள் முன்னால் வளைந்த கழுத்துள்ள ஒரு மைக். அவள் பேசுவது கூண்டுக்கு வெளியே ஒரு தகர ஒலிபெருக்கியில் வரும். அவளுடைய சொந்தக் குரலைச் சர்ச்சில் கேட்டவர்கள் உண்டு. மற்ற எல்லோருக்கும் அவள் குரல் தகரம்தான்.

மேலே ரயில் வந்தால் அந்த இடத்தில் எதுவும் கேட்காது. கண்ணாடி நடுங்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ரயிலுக்கு மேல் கத்துவார்கள். சீக்கிரமே தொண்டை கட்டிவிடும். எர்னஸ்டீன் கத்துவதில்லை. ரயில் வந்தால் எந்தச் சொல்லில் இருக்கிறாளோ அந்தச் சொல்லோடு நிறுத்துவாள். எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். ரயில் போனதும் அடுத்த சொல்லிலிருந்து தொடங்குவாள். அவளிடம் திட்டு வாங்குகிறவன், "இன்னொரு தடவை கம்பியத் தாண்டினேன்னா" என்பது வரை கேட்டுவிட்டு, அந்த முகத்தின் முன்னால் ரயில் முழுவதும் போகும் வரை நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் "உங்கம்மாகிட்டச் சொல்லுவேன்" என்பது வரும். பாதியில் ஓடிப்போகலாம். ஆனால் யாரும் போனதில்லை. மீதி என்னவென்று தெரியாமல் போக மனம் வராது.

தெற்குக் கரோலினாவிலிருந்து தாய் ஓராலீ அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தபோது எர்னஸ்டீன் ஒட்டடைக்குச்சி போல இருந்தாள். ஓராலீயோ ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. தாயும் மகளும் சேர்ந்து நடந்தால் தெருவில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பிலிருந்துதான் எர்னஸ்டீன் பேசக் கற்றாள். பள்ளிக்கூட மதிலோரம் பிள்ளைகளுக்கு ஓர் ஆட்டம். அதற்கு டஜன் என்று பெயர். இரண்டு பேர் எதிரெதிரே நின்றுகொண்டு, ஒருவன் அம்மாவை மற்றவன் கிண்டல் செய்ய வேண்டும், முறைவைத்து, சந்தம் கெடாமல். சுற்றிலும் கூட்டம் நின்று தீர்ப்புச் சொல்லும். கோபம் வந்தவன் தோற்றவன். ஓராலீயைப் போல ஒரு தாய் இருந்தால் எதிரிக்கு விஷயப் பஞ்சமே வராது. அதனால் எர்னஸ்டீன் எதிரியைவிட வேகமாக இருக்க வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்புக்கு வரும்போது அவளோடு நிற்க ஆள் கிடைக்கவில்லை.

அந்த ஆட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். உயிரோடு இருக்கும் தாயை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். செத்துப்போன தாயைத் தொடக் கூடாது. தெரியாமல் தொட்டுவிட்டால், தொட்டவன் ஒரு சுற்று முழுக்க வாயை மூடிக்கொண்டு நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். பதில் கிடையாது. அதை மீறினவனோடு பிறகு யாரும் ஆடமாட்டார்கள், பந்துகூட.

அவள் ஒரு பஸ் டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல மனிதர், பதில் சொல்லத் தெரியாதவர். அது நீடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் மறுபடி தாயின் பெயரான காட்ஸ்டனுக்குத் திரும்பி, ஓராலீயோடு பழைய வீட்டிலேயே இருந்தாள். ஓராலீக்கு வயிற்றில் நோய் வந்தது. அந்தப் பெரிய உடம்பு உள்ளிருந்து யாரோ உருவிக்கொண்டு போவது போல வற்றியது. கடைசி மாதங்களில் எர்னஸ்டீன் அவளை ஒற்றை ஆளாகத் தூக்கிக் குளியல்தொட்டிக்குக் கொண்டுபோனாள். துணிமூட்டையைவிடக் கனம் குறைவு. "என்னடி, ஈசியா இருக்கேனா?" என்று ஓராலீ கேட்பாள். "போன வாரம் ரெண்டு பேரைக் கூப்பிடலாம்னு இருந்தேன். நல்லவேளை, இளைச்சே" என்பாள் எர்னஸ்டீன். இருவரும் சிரிப்பார்கள். அடக்கம் முடிந்து ஓராண்டுகூட ஆகாதபோதுதான் அவளைக் கிண்டல் செய்து ஒரு பாட்டு வந்தது.

லமாண்ட் பர்டீ அதே தெருப் பையன். இருபது வயது. பூங்காக்களில் மைக் பிடித்து, மேளத்துக்கு ஏற்ற சந்தத்தில் ராப் பேசுவான். அங்கே அவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் பாரன் குயிக், அதாவது வேகப் பிரபு. நன்றாகவே பேசுவான் என்று எர்னஸ்டீனும் கேள்விப்பட்டிருந்தாள். ஒரு காலை, நண்பர்கள் நாலு பேர், கூட ஒரு பெண், எல்லோர் முன்னாலும் அவன் டோக்கன் போடாமல் கம்பியைத் தாண்டினான். தகர ஒலிபெருக்கி உடனே பேசியது.

"லமாண்ட் பர்டீ! பாத்துக் குதி கண்ணு. அந்தக் கால்சட்டைக்கு உங்கம்மா சனிக்கிழமைதான் பின்னாடி ஒட்டுப் போட்டாங்க."

படிக்கட்டு முழுவதும் சிரித்தது. அந்தப் பெண்தான் அதிகம் சிரித்தாள்.

கோடை தொடங்கும்போது அவன் தட்டு வெளிவந்தது. வானொலியில் சனிக்கிழமை போட்டார்கள். திங்கட்கிழமை காலை கூண்டின் முன்னால் வரிசையில் நின்றவர்கள் டோக்கனுக்குக் கை நீட்டிக்கொண்டே அதை முணுமுணுத்தார்கள்.

"கண்ணாடிப் பொட்டியில காட்ஸ்டன் அக்கா,
கத்துனா பறந்துடும் பிராங்ஸோட காக்கா!"

அவளுக்கு அது பிடித்திருந்தது. சந்தம் சரியாக விழுந்திருக்கிறது. "காக்கா ஏற்கனவே போயிடுச்சு. நீயும் கெளம்பு, பின்னாடி ஆள் நிக்கறாங்க" என்று சொல்லிச் சொல்லி அனுப்பினாள். இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாவது நாள் ஒருவன் தோளில் பெரிய ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்து, அவள் முன்னால் பலகையில் வைத்து, முழுப் பாட்டையும் அவளுக்கே போட்டுக் காட்டினான். அப்போதுதான் மீதியைக் கேட்டாள்.

"உங்கம்மா ஒருத்தி ஏறுனா போதும்,
ஒருபக்கம் சாஞ்சு ரயில் தரைமேல மோதும்!"

மேலே ரயில் வந்தது. எர்னஸ்டீன் அந்த ஆளின் முகத்தைப் பார்த்தாள். ரயில் போகும் வரை பார்த்தாள். போன பிறகு சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. அவள் வேலைக்கு வந்த பிறகு அப்படி ஆனது அது ஒரு தடவைதான்.

அவள் குடியிருந்த கட்டடத்தின் அடித்தளத்தில் ரூடி பிரேத்வெயிட் இருந்தான். பார்படோஸ்காரன். கட்டடத்தின் கொதிகலனையும் குழாய்களையும் பார்த்துக்கொள்வது வேலை. இரண்டு தட்டுச்சுழலிகளும் அலமாரி உயரத்துக்கு ஒலிபெருக்கிகளும் வைத்துப் பூங்காவில் பாட்டுப் போடுவது வாழ்க்கை. அன்று மாலை அவள் வீட்டுக் குழாயைத் திருகிக்கொண்டே கேட்டான்.

"மிஸ் எர்னஸ்டீன், பதில் சொல்லப் போறீங்களா, இல்லையா?"

"யாருக்கு?"

"ஊருக்கே தெரியும் யாருக்குன்னு."

"அம்மா செத்தப்ப அவன் ஊர்ல இல்ல, அவனுக்குத் தெரியாது, ரூடி. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டான். அவன் பர்டீ வீட்டுப் பையன்."

"தெரியாம மிதிச்சாலும் காலு காலுதானே? உங்க ஆட்டத்துல அதுக்கு ஏதோ சட்டம் உண்டுன்னு சொல்வாங்களே."

அவள் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தாள். சொட்டவில்லை.

"நிக்கணும்" என்றாள். "வாய மூடிக்கிட்டு, எல்லார் முன்னாடியும், நான் சொல்லி முடிக்கிற வரைக்கும். அது போதும் எனக்கு."

"அப்ப அவன் மேளத்துலயே சொல்லிடுங்க."

லமாண்டின் தட்டில் ஒரு பக்கம் பாட்டு. மறுபக்கம் பேச்சில்லாமல் வெறும் வாத்தியம், நடுவே கொஞ்சம் தனி மேளம். எதிரியின் மேளத்தின் மேலேயே பதில் சொல்வதைப் போன்ற அவமானம் அந்தக் கூட்டத்தில் வேறு கிடையாது. ஆனால் மேளம் மட்டும் வரும் இடம் குட்டையானது. அதை நீட்ட அதே தட்டில் இரண்டு வேண்டும். ஒன்று ஓடும்போது மற்றதைக் கையால் பின்னுக்கு இழுத்து வைத்து, இது முடிகிற கணத்தில் அதை விட வேண்டும். கை சலிக்கும் வரை மேளம் ஓடும். ரூடி கடைக்குப் போய் அதே தட்டில் இரண்டு கேட்டான்.

"ரெண்டா?" என்றான் கடைக்காரன். "பாரன் குயிக்னா அவ்வளவு உசிரா உனக்கு?"

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு அவனோட காரியத்துக்கு" என்றான் ரூடி.

லமாண்டின் தட்டை வெளியிட்டவர் கிளிஃபர்ட் வைச் என்பவர். சதர்ன் பூல்வார்டில் ஒரு டயர்க் கடைக்கு மாடியில் அவருடைய ஒலிப்பதிவுக் கூடம்; ஜன்னலுக்கு எதிரே, அதே உயரத்தில் ரயில் தண்டவாளம். அவருக்குச் சண்டை பிடிக்கும். இரண்டு பக்கமும் விற்கும். ரூடி விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷப்பட்டார். எர்னஸ்டீனைப் பார்த்ததும் சந்தோஷம் கொஞ்சம் குறைந்தது.

"வரியெல்லாம் அருமை, மிஸ் காட்ஸ்டன். ஆனா ரேடியோவுல கேக்கறது சின்னப் பசங்க. எங்கிட்ட ஒரு பொண்ணு இருக்கா, பதினெட்டு வயசு, குரல் தேன் மாதிரி. நீங்க சொல்லிக்குடுங்க, அவ பேசட்டும்."

"அவங்கம்மா உயிரோட இருக்காங்களா?"

"இருக்காங்கன்னு நினைக்கிறேன். ஏன்?"

"அப்ப அந்தப் பொண்ணுக்கு இதுல என்ன கோபம்? என் வாயை நான் வாடகைக்கு விடறதில்ல, மிஸ்டர் வைச்."

வைச் ரூடியைப் பார்த்தார். ரூடி கூரையைப் பார்த்தான்.

"சொல்ற மாதிரியே போகும். இல்லேன்னா போகாது. ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சரி" என்றாள் எர்னஸ்டீன். செவ்வாய்க்கிழமை அவளுக்கு விடுமுறை. அன்று மதியம், கீழே டயர்க் கடைக்காரர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் என்று முடிவாயிற்று.

அதற்கு முந்தின நாள் காலை சிஸ்டர் பர்டீ கூண்டுக்கு முன்னால் வந்து நின்றாள். லமாண்டின் தாய்; சர்ச்சில் பெண்கள் ஒருவரையொருவர் சிஸ்டர் என்றுதான் அழைப்பார்கள். மருத்துவமனைச் சமையலறையில் வேலை முடித்து அதே ஸ்டேஷனில் இறங்குகிறவள். ஓராலீயின் அடக்கத்தன்று பெரிய பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்தவள். வரிசை அவளுக்குப் பின்னால் நீண்டது.

"சிஸ்டர் காட்ஸ்டன், நேத்துதான் அந்தப் பாட்டை முழுசாக் கேட்டேன். வீட்டுல எனக்கு முதல் பாதிதான் போட்டுக் காட்டியிருக்கான், அந்தப் பய."

"உங்க மேல ஒண்ணும் இல்ல, சிஸ்டர்."

"அதான் நான் கேக்க வந்தேன். நாளைக்கு நீங்க பதில் சொல்றீங்களாமே. அதுல நான் இருக்கேனா?"

"இல்ல. உங்களை நான் தொடமாட்டேன்."

சிஸ்டர் பர்டீயின் முகம் இறுகியது.

"ஏன் தொடமாட்டீங்க? நான் என்ன செத்தா போயிட்டேன்? உயிரோடதான் நிக்கறேன். என்னை விட்டுட்டுப் பேசினா ஊரு என்ன நினைக்கும்? பர்டீ அம்மாகிட்டச் சொல்ல ஒண்ணும் இல்ல போலன்னு நினைக்கும்."

"சிஸ்டர், பின்னாடி ஆள் நிக்கறாங்க."

"நிக்கட்டும். தொப்பியப் பத்தி வைங்க. ஈஸ்டருக்கு வாங்கினேனே, பழம் வெச்சது. எல்லாரும் அதைத்தான் பாத்தாங்க, ஒருத்தி வாயத் தொறந்து சொல்லல."

பின்னால் நின்ற ஒருவன், "மிஸ் எர்னஸ்டீன், தொப்பிய வெச்சுடுங்க, எனக்கு ரயில் போயிடும்" என்றான்.

"சரி, வெக்கறேன்" என்றாள் எர்னஸ்டீன். "அவனைக் கூட்டிக்கிட்டு வர முடியுமா?"

"எனக்கா முடியாது?" என்றாள் சிஸ்டர் பர்டீ.

ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு உள்ளே ஒரு சின்ன அறை, ஒரு மைக். வெளியே இயந்திரமும் வைச்சும். ரூடி தன் சுழலிகளோடு வெளிப்பக்கம் மூலையில். எர்னஸ்டீன் உள்ளே போய், சர்ச்சில் வேதம் வாசிப்பதைப் போலக் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள். பேசினாள். சொல் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

ரூடி மேளத்தை நிறுத்தினான். "மிஸ் எர்னஸ்டீன், நீங்க வேலைக்கு மனுப் போடற மாதிரி பேசறீங்க."

மறுபடி பேசினாள். இன்னும் மோசம். வைச் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தத் தேன்குரல் பெண்ணுக்கு ஃபோன் போடலாமா என்று அவர் நினைப்பது கண்ணாடி வழியாகவே தெரிந்தது.

எர்னஸ்டீன் சுற்றிலும் பார்த்தாள். "நான் எப்ப நின்னுக்கிட்டுப் பேசியிருக்கேன்?" என்றாள். "ஒரு ஸ்டூல் குடுங்க. முழங்கை வெக்க ஏதாவது குடுங்க. இந்த மைக்கை வளைச்சு வாய்க்குக் கிட்டக் கொண்டு வாங்க. இன்னும் கிட்ட."

"அவ்வளவு கிட்ட வெச்சா குரல் தகரமாயிடும்" என்றார் வைச்.

"ஆகட்டும்."

ஸ்டூல் வந்தது. முழங்கைக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. அவள் ஏறி உட்கார்ந்து, வலது தோளைச் சாய்த்து, கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். அந்த நேரத்தில்தான் கதவு திறந்தது. முதலில் தொப்பி வந்தது; செவ்வாய்க்கிழமையிலும் பழத் தொப்பி. அதன் கீழே சிஸ்டர் பர்டீ. அவள் கைப்பிடியில் லமாண்ட், மிச்ச உலகத்துக்கு பாரன் குயிக், தங்கச் சங்கிலியோடும் சிவப்புக் குல்லாயோடும்.

"அங்க நில்லு" என்றாள் தாய். "கண்ணாடிக்கு நேரா."

அவன் நின்றான். ஒரு பக்கம் எர்னஸ்டீன், மறுபக்கம் கம்பியைத் தாண்டின பையன், நடுவில் கண்ணாடி. எர்னஸ்டீனின் முகத்தில் அன்று முதல்முறையாக வேலைநாளின் களை வந்தது.

"போடு, ரூடி" என்றாள்.

"பாரன்னு பட்டம் நீ எந்தக் கடையில வாங்கின?
பர்டீ அம்மா சோபால நேத்துகூடத் தூங்கின!
குதிச்சுக் குதிச்சே வீரன்னு ஆன,
கதவத் தொறந்து வுட்டா எங்கடா போன?"

வைச் கடிகாரத்தை மறந்தார். ரூடியின் கைகள் இரண்டு தட்டுகளுக்கும் நடுவே போய்வந்தன. குரல் தகரமாகத்தான் இருந்தது. நகரத்தில் பாதிப் பேர் காலையில் கேட்டுப் பயந்த அதே தகரம். ஒட்டுப்போட்ட கால்சட்டை வந்தது. தங்கச் சங்கிலி வந்தது, அது கழுத்தில் பச்சையாகக் கறை விடும் செய்தியோடு. பிறகு தொப்பி வந்தது.

"பர்டீ அம்மா தொப்பியில பழமிருக்கு, பூவிருக்கு,
பாஸ்டர் ஆமென் சொல்றதுக்குள்ள ரெண்டு குருவிக் கூடிருக்கு!"

சிஸ்டர் பர்டீ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பெருமையாகச் சுற்றிலும் பார்த்தாள். லமாண்டுக்குக்கூடச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். எர்னஸ்டீன் சிரிக்கவில்லை. மைக்குக்கு இன்னும் கொஞ்சம் குனிந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கம்மா எடை என்னன்னு உனக்கென்ன தெரியும்?
கடைசியில தூக்குனவ கைக்குத்தான்"

ஜன்னலுக்கு வெளியே தண்டவாளத்தில் ரயில் வந்தது.

எர்னஸ்டீன் நிறுத்தினாள். வேண்டுமென்று இல்லை. மழை வந்தால் குடை விரிப்பதைப் போல. முழங்கையைப் பெட்டிமேல் வைத்தபடி, எதிரில் நிற்பவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

வைச்சுக்கு வரி மறந்துவிட்டது என்று தோன்றியது. நிறுத்தச் சொல்லி ரூடிக்குக் கை காட்டினார். ரூடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்; கைகள் நிற்கவில்லை. வைச் வியாபாரி. மேஜைமேல் இருந்த இன்னொரு மைக்கைத் திருகி லமாண்டின் பக்கம் தள்ளினார். அவர் உதடுகள் அசைவது தெரிந்தது: சொல்லு, ஏதாவது சொல்லு, இதைவிட நல்ல இடம் கிடைக்காது. லமாண்ட் மைக்கைப் பார்த்தான். வாய் திறக்கத்தான் செய்தது. அவனுக்கு வார்த்தை எப்போதும் தயார். அதனால்தான் அவன் பெயர் குயிக். பிறகு கண்ணாடிக்குள் பார்த்தான். அவள் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. அவன் வாய் மூடியிருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வாயை மூடினான். குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

ரயில் நீளமானது. போய் முடிந்தது.

"தெரியும்" என்றாள் எர்னஸ்டீன்.

"செத்தவங்க பேரெடுத்த, சட்டம் இருக்கு, வாய மூடு,
நான் சொல்லி முடிச்சப்புறம் போகலாம் நீ உன் வீடு!"

அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் தட்டில் இருக்கிறது.

வெளியே வந்தபோது வைச் நாடாவைப் பின்னுக்கு ஓட்டி, அந்த இடத்தில் வெள்ளைப் பென்சிலால் இரண்டு கோடு போட்டிருந்தார். கையில் சவரத் தகடு.

"அற்புதம், மிஸ் காட்ஸ்டன். பொண்ணு கிண்ணு எதுவும் வேண்டாம், நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். இந்த ஓட்டையை மட்டும் எடுத்துட்டு ஒட்டிடறேன். யாருக்கும் தெரியாது."

"அது ஓட்டை இல்ல. ரயில்."

"பாட்டுல ரயில் எதுக்கு?"

"என் பேச்சுல ரயில் இல்லாம எப்படி?"

"யாரும் பேசாத பாட்டை ரேடியோக்காரன் போடமாட்டான். கேக்கறவன் ஸ்டேஷனை மாத்திடுவான். எனக்கு இது தொழில், மிஸ் காட்ஸ்டன்."

"அவன் அங்க வாய மூடிக்கிட்டு நின்னான்" என்றாள் எர்னஸ்டீன். "அது அதுலதான் இருக்கு. அதை வெட்டினா நான் என்னத்துக்கு வந்தேன்?"

"வெட்டாம வெளியிட முடியாது."

"அப்ப வெளியிட வேண்டாம்."

அவள் இயந்திரத்துக்குப் போனாள். நாடாச் சக்கரத்தை மேலே இழுத்துக் கழற்றினாள், தொங்கிய நாடாவைப் பொறுமையாகச் சுற்றினாள், கைப்பைக்குள் வைத்தாள். பை மூடவில்லை. கைக்குட்டையையும் பைபிளையும் எடுத்து ரூடியிடம் கொடுத்துவிட்டு மூடினாள்.

"நாடா என்னுது!" என்றார் வைச்.

"குரல் அவங்களுது" என்றாள் சிஸ்டர் பர்டீ. "ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சு, உங்க பங்கை எடுத்துக்கோங்க."

லமாண்ட் கதவைத் திறந்து பிடித்தான். முதலில் எர்னஸ்டீன் போனாள், பிறகு தொப்பி.

அந்த ஞாயிறு மாலை ரூடி தன் ஒலிபெருக்கிகளைப் பள்ளிக்கூட மதிலோரம் அடுக்கினான். மின்சாரம் விளக்குக் கம்பத்திலிருந்து. அதே மதில்தான்; எர்னஸ்டீன் ஒட்டடைக்குச்சியாக நின்று பேசின மதில். அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மாலை வேலை. ஆனால் லமாண்ட் வந்திருந்தான். யாரும் கூப்பிடவில்லை. கூட்டத்துக்கு முன்னால், ஒலிபெருக்கிக்கு நேரெதிரே நின்றான். அவனைச் சுற்றி ஓர் இடைவெளி தானாக விழுந்தது.

எர்னஸ்டீன் கொடுத்தனுப்பிய நாடாவில் பாட்டு ஓடியது. தொப்பி வந்தபோது தெருவே சிரித்தது. ரயில் வந்தபோது, இயந்திரம் கெட்டுவிட்டதென்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். லமாண்ட் திரும்பவில்லை. குல்லாய் கையில் இருந்தது. அந்த மதிலோரம் வளர்ந்தவர்களுக்குச் சட்டத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. முன்வரிசை அமைதியானது, பிறகு அடுத்தது, கத்தினவனை யாரோ விலாவில் இடித்தார்கள். வெறும் மேளமும் ரயிலும் மட்டும் கேட்டன. பிறகு தகரக் குரல் "தெரியும்" என்றது. அதற்கு எழுந்த கூச்சல் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டதாம். கேட்டதா என்று எர்னஸ்டீனிடம் கேட்டால், அந்த நேரம் மேலே ரயில் போய்க்கொண்டிருந்தது என்பாள்.

வந்தவர்கள் அதைக் கேசட்டில் எடுத்துக்கொண்டார்கள். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு எடுத்தார்கள். அடுத்த மாதம் பிரூக்ளினில் ஒரு வண்டியோட்டி அதைப் போட்டுக் கேட்டதாகச் செய்தி வந்தது. வானொலிக்காரர் ஒருவர் வைச்சுக்கு ஃபோன் செய்து அந்த ரயில் பாட்டு உங்களுடையதா என்று கேட்டார். பாதி என்று வைச் சொன்னாராம்.

ஆகஸ்டில் ஒரு காலை அவர் ஃப்ரீமன் ஸ்ட்ரீட் படியேறி வந்து வரிசையில் நின்றார். கோட்டும் டையும் போட்டிருந்தார். அவர் முறை வந்தது.

"மிஸ் காட்ஸ்டன், அப்படியே போடறேன். ஒரு நூலிழை வெட்டமாட்டேன்."

"எத்தனை?" என்றது தகரக் குரல்.

"முதல்ல ரெண்டாயிரம் தட்டு, அப்புறம் பாத்துக்கிட்டு…"

"டோக்கன் எத்தனைன்னு கேட்டேன். இது டோக்கன் வரிசை."

பின்னால் சிரிப்பு எழுந்தது. வைச் பாக்கெட்டைத் தடவிக் காசை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே இருந்த பள்ளத்தில் வைத்தார். "ஒண்ணு" என்றார். டோக்கன் வந்தது. அதை எடுத்துக்கொண்டும் அவர் நகரவில்லை.

"தட்டு மேல ஒரு பேர் போடணும். லேடி டோக்கன்னு போடலாமான்னு யோசிச்சேன். பசங்களுக்குப் பிடிக்கும். கேட்டாலே ஒரு…"

"என் பேரு என் சட்டையில இருக்கு. படிக்கத் தெரியுமில்ல?"

"எர்னஸ்டீன் காட்ஸ்டன். சரி. அவ்வளவுதானா?"

"அதுக்குக் கீழ இன்னொண்ணு போடுங்க. சின்ன எழுத்தா இருந்தாலும் பரவாயில்ல. ஓராலீ"

மேலே ரயில் வந்தது. கண்ணாடி நடுங்கியது. வைச் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். கூண்டுக்குள்ளிருந்து அந்த முகம் அவரைப் பார்த்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். அவருக்குப் பின்னால் வரிசை முழுவதும் நின்றது; ரயிலைப் பிடிக்க ஓட வேண்டியவர்கள்கூட. டோக்கனைக் கைக்குள் வைத்துக்கொண்டு, அவர் ரயில் போகும் வரை நின்றார்.

"காட்ஸ்டனின் மகள்" என்றாள் எர்னஸ்டீன். "அடுத்தது யாரு?"